கழுத்து எங்கே, அக்கா?

அன்று மாலையும் அப்பாதான் எங்கள் பல்புக் கடையின் ஷட்டரை ஒற்றைக் கையால் இழுத்து மூடினார். "பசிக்குது, நடங்க" என்றார். மறுநாள் விடிவதற்குள் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

அதன்பின் தினமும் சித்தப்பா வந்துதான் கடையைத் திறந்தார். அவர் வரும்வரை அம்மாவும் நானும் தம்பி வாண்டுவும் வாசலில் நிற்போம்.

"ஷட்டரையே தூக்க முடியலை. கடையை எப்படி நடத்துவீங்க அண்ணி? பேசாம வித்துடலாம்" என்றார் ஒருநாள்.

அம்மா தலை குனிந்துகொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. அப்போது எனக்குப் பதினொரு வயது.

ஷட்டரைத் தூக்கும் பலம் வரவேண்டுமென்று, பழைய சைக்கிள் டியூப் இரண்டை ஜன்னல் கம்பியில் சேர்த்துக் கட்டினேன். விளையாட்டு வகுப்பில் கயிறு இழுப்பதுபோல, இரு கைகளாலும் என் பக்கம் இழுத்தேன். மறுநாளே கழுத்து பிடித்துக்கொண்டது. விடாமல் இழுத்தேன்.

வாண்டு விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, உன் கழுத்தைக் காணோம்! ஆமை மாதிரி உள்ள போயிடுச்சு!"

"போடா!"

கண்ணாடியில் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. முதுகு சும்மா இருக்க, பாவம், கழுத்துதான் உழைத்திருக்கிறது.

ஒரு டியூப்பை அவிழ்த்துப் போட்டேன். நிமிர்ந்து நின்று, தோள்களைக் கீழே இறக்கி, முழங்கைகளை மெல்லப் பின்னால் கொண்டுபோனேன். தோள்பட்டை எலும்புகள் இரண்டும் முதுகில் ஒன்றையொன்று நெருங்கின. இப்போது முதுகு விழித்துக்கொண்டது.

"கழுத்து இருக்காடா?"

"இருக்கு, இருக்கு!"

அம்மா எட்டிப் பார்த்தாள். "எனக்கும் ஒண்ணு கட்டுடி."

வாண்டு எங்கள் காவல்காரன் ஆனான். "அம்மா, கழுத்து!" என்று அதட்டுவான். அம்மா அவசரமாகத் தோளை இறக்குவாள்.

மாதங்கள் ஓடின. ஒற்றை டியூப் இரட்டை ஆனது.

ஒருநாள் காலை, சித்தப்பா வருவதற்கு முன்பே கடைக்குப் போனோம். ஷட்டரின் இரு முனைகளையும் அம்மாவும் நானும் ஆளுக்கொன்றாகப் பிடித்தோம். முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, ஒரே மூச்சில் தூக்கினோம்.

இடுப்புவரை வந்து நின்றுவிட்டது.

"விட்டுடாதடி!" என்றாள் அம்மா.

நான் விடவில்லை. ஷட்டர் கடகடவென்று மேலே ஏறியது. வாண்டு கைதட்டித் தெருவையே கூட்டிவிட்டான்.

சித்தப்பா வந்தபோது அம்மா கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு நிமிர்ந்து அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"யாரு தூக்கினது?"

"நாங்கதான்."

சித்தப்பா ஷட்டரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "அப்ப நாளையிலேருந்து நான் கொஞ்சம் தூங்கலாம்" என்றார். கடையை விற்கும் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை.

அன்று எட்டு மணிக்குத் திறந்தோம். இன்றும் எட்டு மணிக்குத்தான் திறக்கிறோம்.