சாப்பாட்டு அறையில் சூடு வரவில்லை!

"வராதா? சூடு வரவே வராதா?"

சுவரடியில், சூடான காற்று வரவேண்டிய புது வென்ட்டை ஓர் உதை விட்டாள் லோரெட்டா.

மில்வாக்கியின் ஜனவரிக் குளிர். மாமனார் எட்வினின் பழைய வீட்டில், சுவரடிப் பலகையில் துருப்பிடித்துக் கிடந்த வென்ட்களை எல்லாம் பெயர்த்துவிட்டு, ஒரே மாதிரியாகப் புதுசு வாங்கி மாட்டியிருந்தாள். மாடி முழுக்கக் கதகதப்பு. இந்தச் சாப்பாட்டு அறை மட்டும் ஐஸ் பெட்டி!

மூடும் தகட்டைத் திறந்தாள். மூடினாள். திறந்தாள்.

ம்ஹூம்...

கழற்றிப் பார்த்துவிடலாம். குட்டிக் கடப்பாரை எங்கே? பேஸ்மென்ட்டில் விட்டுவிட்டேனோ?

இறங்கினாள்.

அலறினாள்!

வீட்டுக்கே சூடு அனுப்பும் ஃபர்னஸின் காலடியில் எட்வின். பின்மண்டை பிளந்து... பக்கத்தில் அவளுடைய கடப்பாரை!

வந்தார் டிடெக்டிவ் வெண்டெல். சாப்பாட்டு அறையிலேயே விசாரணை.

"கடப்பாரை உங்களோடது. கைரேகையும் உங்களோடதாதான் இருக்கும்."

"நான் மாடியில வென்ட் மாட்டிட்டிருந்தேன் சார்!"

"யார் பார்த்தாங்க?"

"வென்ட் பார்த்துச்சு! அதைக் கேளுங்க!"

"கோபப்படாதீங்க மேடம்."

எட்வினின் தங்கை மகன் கிளேட்டன் தொண்டையைச் செருமினான். ஃப்ளோரிடாவிலிருந்து வந்தவன். வந்த நாள் முதல், வீட்டை விற்கச் சொல்லி மாமாவைக் குடைந்துகொண்டிருந்தவன்.

"சொல்லவே கஷ்டமா இருக்கு சார்... அண்ணி மாடியில இருந்தப்போ நான் இந்த அறையிலதான் இருந்தேன். இதோ, இந்த வென்ட்டுல முதுகைச் சாய்ச்சுக்கிட்டு. சூடான காத்து ஜம்முனு வீசிச்சு. கண்ணு சொக்குச்சு. அப்பதான் அண்ணி பேஸ்மென்ட் படியில இறங்குற சத்தம்..."

"அடப்பாவி!"

கைவிலங்கை எடுத்தார் வெண்டெல்.

அழுகையும் ஆத்திரமுமாய் மூக்கைத் துடைத்த லோரெட்டா, டிஷ்யூ தாளை வீசியெறிந்தாள். அது தரையில் விழுந்தது. நகர்ந்தது...

வென்ட்டில் போய் ஒட்டிக்கொண்டது!

உறைந்தாள்.

"சார்... இது ஊதலை. உறிஞ்சுது!"

"அதனால?"

"ஃபர்னஸ் ஊதணும்னா அதுக்குக் காத்து வேணும் சார். வீட்டுல ஆறிப்போன காத்தை ஒரு வென்ட் வழியா இழுக்கும், சூடாக்கும், மத்த வென்ட் வழியா அனுப்பும். இது இழுக்குற வென்ட்! பழைய வீடுகள்ல இதுவும் சுவரடியிலதான் இருக்கும். எல்லாத்துக்கும் நான் ஒரே மூடியை மாட்டித் தொலைச்சேன். அதைப் பார்த்து இவன் ஏமாந்துட்டான்!"

வெண்டெல் மெல்லத் திரும்பினார்.

"ஜம்முனு வீசிச்சா தம்பி?"

"அது... லேசா..."

பாய்ந்தான் கிளேட்டன். வாசலில் உறைபனி. நாலடி தாண்டவில்லை... தடால்! கோட்டு விலக, உள்சட்டையில் ரத்தத் தெறிப்பு.

"விற்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம் சார்..." முனகினான். கைவிலங்கு அவனுக்கு.

கூட வந்த போலீஸ்காரர் அவனைக் காரில் ஏற்ற, வெண்டெல் கைகளைத் தேய்த்தபடி உள்ளே வந்தார்.

"மன்னிச்சிடுங்க மேடம். ஆனா இந்தக் குளிருக்கு என்னதான் வழி?"

லோரெட்டாவின் கண் அறையைச் சுற்றியது. எதிர்ச் சுவரை அடைத்து நின்றது பீங்கான் அலமாரி. அதன் பின்னால் கையை நுழைத்தாள்.

சுடச்சுடக் காற்று!

"ஊதுற வென்ட் இங்க இருக்கு. அலமாரியை நகர்த்தணும். இழுக்குற வென்ட்டுக்கு, மூடுற தகடே இல்லாத வெறும் கம்பி மூடி போடணும். அவ்வளவுதான்."

"சரி, நான் கிளம்பறேன்..."

"எங்க சார்? என்னைத் தூக்கிட்டுப் போகத்தானே வந்தீங்க? அந்தத் தெம்போட அலமாரியை அந்தப் பக்கம் பிடிங்க!"