குளத்துப் படையல் கல்

எகிப்தின் தீப்ஸ் நகரத்துப் புது வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது தோட்டம் பாதிதான் முடிந்திருந்தது. நடுவில் நீள்சதுரக் குளம், சுற்றிலும் அத்தியும் பேரீச்சையும் என்று என் கணவர் ஹூயி கயிறு பிடித்து அளந்து போட்ட தோட்டம். ஏற்றத்தில் இறைத்த தண்ணீர் ஒரு பழைய கல்லின் மேல் விழுந்து, மூக்குபோல் நீண்ட அதன் வடிகால் வழியாகக் குளத்தில் இறங்கியது. கல்லில் ரொட்டியும் வாத்தும் செதுக்கியிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது.

எவ்வளவு இறைத்தாலும் குளம் நிறையவில்லை. பட்டப்பகலிலேயே ஈரத்துணியும் குங்கிலியமும் கலந்த வாடை அடித்தது. எங்கள் ஒரே மகனுக்குத் தாகம் தொடங்கியது அந்த வாரம்தான்.

"தண்ணி, அம்மா."

குடம் குடமாகக் குடித்தான். அப்படியும் உதடு வெடித்து ரத்தம் வந்தது.

"ஏங்க, அந்தக் கல்லு எங்கேருந்து வந்துச்சு?"

"நைலுக்கு மேற்குக் கரையில, கல்லறைங்க பக்கம் சும்மா கெடந்துச்சு. நல்ல கல்லு."

"கல்லறைப் படையல் கல்லா? அதுல ஊத்துற தண்ணிய அதுல பேர் இருக்கிற செத்தவன்தானே குடிப்பான்? தெனமும் அவனை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கோம். ஏங்க, புள்ள செத்துடுவான்."

"கத்தாத. பேரைச் செதுக்கி எடுத்துட்டா அவனே இல்லாம போயிடுவான்."

"வேணாங்க. எடுத்த எடத்துலயே வெச்சிடுங்க. பேர் போனவன் வேற பேர் தேடுவான்."

"தோட்டம் போடுறது நானா நீயா? போய் ரொட்டியைச் சுடு."

உச்சிவெயிலில் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

குளம் மளமளவென்று நிறைந்தது. மகன் தண்ணீர் கேட்கவில்லை. அப்பாடா என்று அவனைக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

பேர் வரவில்லை.

ஹூயியைப் பார்த்தேன். அவரும் கூப்பிடப் பார்த்தார். அவருக்கும் நினைவில்லை.

செதுக்கி எடுத்த இடத்தில் புதிய எழுத்து இருந்தது, ஈரமாக. ஹூயி வாய்விட்டுப் படித்தார். மகனின் பேர்தான். அவர் வாயை மூடியதும் எனக்கு மறந்துபோனது.

கல்லைக் கட்டையால் நெம்பினார். குளத்தங்கரையில் மகன் முதுகு வளைந்து அலறினான்.

விட்டுவிட்டார்.

இப்போது அவன் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்குவதில்லை. எங்களைத் தெரியாதவன்போல் குளத்தங்கரையில் உட்கார்ந்திருக்கிறான். நான் கல்லின் மேல் ஊற்றுகிறேன். எட்டத்தில் அவன் தொண்டை ஏறி இறங்குகிறது.

"இன்னும் ஊத்தும்மா," என்கிறான்.

குரல் ஒரு கிழவனுடையது.

ஊற்றுகிறேன். வேறென்ன செய்வது, பெற்றவளாயிற்றே.