வடகுளத்தின் முதல் கிண்ணம்

மேல்திசையில் கதிரவன் இறங்கிவிட்டான். கீழ்திசையில் முழுமதி இன்னும் மதிலுக்கு மேலே தலைகாட்டவில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அந்தச் சிறுபொழுதில், வேங்கைக் கோட்டையின் நடுவே பரந்து கிடந்த பெருங்கண் ஏரி செந்நிறம் மங்கிக் கருநீலமாய் மாறிக்கொண்டிருந்தது. கரையோர மருத மரங்களில் நாரைகள் இடம் பிடிக்கச் சண்டையிட்டன. தாழம்புதர்களின் மணத்தைச் சுமந்துவந்த காற்று, மதிலுக்கு வெளியே எரிந்த பகைவர் அடுப்புகளின் புகை நாற்றத்தையும் கூடவே கொண்டுவந்தது.

அன்பு வாசகர்களே, அந்த அழகை நின்று ரசிக்க நமக்கு நேரமில்லை. அந்த ஏரியின் நீர்நாயகியான பூதிநங்கைக்கும் நேரமில்லை. அவள் வடகுளத்தின் கடைசிப் படியில் குந்தியிருந்தாள். அவள் உள்ளங்கையில் ஒரு கெண்டை மீன் செத்துக் கிடந்தது.

கோடை பிறந்த நாள் முதல் கடுங்கோவேளின் பெரும்படை அந்தக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தது. நெல்லுக்குக் குறைவில்லை, வீரத்துக்கும் குறைவில்லை. ஆனால் தண்ணீர் ஒரு நாள் நின்றால் போதும், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மார்களே கோட்டைக் கதவின் தாழைத் திறந்துவிடுவார்கள். இது உள்ளே இருந்தவர்களுக்கும் தெரியும், வெளியே இருந்தவர்களுக்கும் தெரியும்.

ஆகவேதான் நீர்வாரியத்தின் காவல் அரண்மனைக் காவலைவிடக் கடுமையாக இருந்தது. ஏரி நீர் நேராக ஊருக்குள் போவதில்லை. மதகு வழியாக இரண்டு தெளிகுளங்களில் வந்து தங்கும். அங்கே தேற்றாங்கொட்டையை இழைத்து விடுவார்கள். கலங்கல் அடியில் படியும். மேல்நீர் மணற்படுகையில் இறங்கி, நிலத்தடிச் சுருங்கைகள் வழியே தெருத்தொட்டிகளுக்கு ஓடும். வடகுளத்து நீர் அரண்மனைக்கும் படைவீடுகளுக்கும். தென்குளத்து நீர் குடிமக்களின் வீதிகளுக்கு. இரண்டு குளங்களிலும் கெண்டைகளை வளர்த்தார்கள். தின்பதற்கல்ல, நீரில் கேடு கலந்தால் மனிதனுக்கு முன்னால் மீன் சொல்லிவிடும் என்பதற்காக.

இன்று சொல்லிவிட்டன. வடகுளம் நெடுகிலும் வெள்ளை வயிறுகள் மிதந்தன. தென்குளத்தில் மீன்கள் துள்ளின. ஆனால் அங்கும் நஞ்சு இப்போதுதான் இடப்பட்டிருந்தால் அவை இன்னும் கொஞ்ச நேரம் துள்ளத்தானே செய்யும்?

"தாயே, மேடையைச் சுற்றி ஊரே கூடிவிட்டது" என்றான் கரைக்காவலன் சேந்தன். "முதல் கிண்ணம் அருந்தும் நேரம். என்ன சொல்லி அனுப்ப?"

முதல் கிண்ணம் என்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். மாலைதோறும் மதகு மேடையில் நின்று, இரு குளங்களின் நீரையும் ஊரார் பார்க்க நீர்நாயகி முதலில் பருகவேண்டும். பருகியபின்தான் சுருங்கைகளின் அடைப்பலகை உயரும். நீரைக் காப்பவளே முதலில் குடிக்கட்டும் என்று ஏதோ ஒரு பழைய அரசன் வைத்த வழக்கம் அது. நல்ல வழக்கம்தான். குடிப்பவள் நிலையில் நின்று பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

"இன்று குளச்சுவருக்குள் யார் யார் வந்தார்கள்?" என்று கேட்டாள் பூதிநங்கை.

"காலையில் அமைச்சர் பிரமராயர் பார்வையிட வந்தார். அப்புறம்... நம் கல்தச்சர் வேம்பன். வடமதகில் கல் பெயர்ந்திருக்கிறது என்று நீங்கள்தானே தாயே வரச்சொன்னீர்கள்? வேறு ஒருவரும் இல்லை."

"அமைச்சர்" என்றாள் அவள், சட்டென்று, மற்றப் பெயர் காதில் விழாததுபோல.

பிரமராயரை ஐயுறுவது எளிதாக இருந்தது. கடுங்கோவேளோடு சமாதானம் பேசலாமே என்று அவர் மன்றத்தில் இருமுறை வாய்விட்டுச் சொன்னவர். பெண்ணுக்கு எதற்கு ஏரிப்பொறுப்பு என்று மும்முறை சொன்னவர். அவராகவே இருக்கட்டும் என்று பூதிநங்கையின் நெஞ்சு விரும்பியது, மிகவும் விரும்பியது.

ஏனென்றால் இன்று காலையில், உளியைக் கீழே வைத்துவிட்டு, அந்தத் தச்சன் அவளிடம் ஒன்று கேட்டிருந்தான். "நங்கையாரே, ஒரே ஒரு மாலை மட்டும் கிண்ணத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு மகிழஞ்சோலைக்கு வருவீர்களா? உங்களோடு பேச வேண்டும்." முற்றுகைக்குச் சற்று முன்னால் ஊருக்குள் வந்தவன் அவன், கல்லைத் தொடும் கையில் அத்தனை மென்மை எப்படி வந்தது என்று அவளைப் பல இரவுகள் தூங்கவிடாமல் செய்தவன். அவள் வருவதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, பகல் முழுவதும் கால் தரையில் பாவாமல் நடந்தாள்.

இப்போது அந்தச் சொற்கள் திரும்ப வந்தன. கிண்ணத்தை வேறு யாரிடமாவது. அவள் அவற்றை உதறித் தள்ளினாள்.

"சேந்தா, கேள். இரண்டு கிண்ணங்களையும் கோயில் கிணற்று நீரால் நிரப்பு. ஒருவருக்கும் தெரியக்கூடாது. நான் எப்போதும்போலப் பருகுவேன். நஞ்சிட்டவன் எவனோ, அவன் முகம் காட்டிக்கொடுக்கும். எந்தக் குளத்தில் இட்டான் என்பதையும் அந்த முகமே சொல்லும். பிறகு சோலைக்கு ஆளனுப்பு. நான் வர முடியாது, முதல் கிண்ணம் அருந்த மேடைக்குப் போகிறேன் என்று தச்சரிடம் சொல்லச் சொல்."

"அவரிடம் எதற்குத் தாயே?"

அவள் அதற்குள் மேடையை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தாள்.

மதகு மேடையைச் சுற்றி மனிதத் தலைகள் நெருங்கியிருந்தன. குடங்கள் ஒன்றோடொன்று இடித்து ஒலித்தன. நண்பகலிலேயே தொட்டிகள் வற்றிவிட்டன, குழந்தைகள் சிணுங்கின. மேடையின் அருகே பட்டு உத்தரியத்தால் விசிறிக்கொண்டு நின்றார் பிரமராயர். பூதிநங்கை படியேறும்போது, கூட்டத்தின் பின்னால் ஓர் உருவம் மூச்சிரைக்க ஓடிவந்து நிற்பதைக் கடைக்கண்ணால் கண்டாள். வேம்பன்தான். சோலையிலிருந்து ஓடியே வந்திருக்க வேண்டும்.

"தென்குளத்து நீர்" என்று உரக்கச் சொல்லி முதற்கிண்ணத்தை உயர்த்தினாள்.

அமைச்சரின் முகத்தில் அலுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. வேம்பன் கண்கொட்டாமல் பார்த்தபடி அசையாமல் நின்றான். அவள் பருகினாள்.

"வடகுளத்து நீர்."

இரண்டாம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் பிரமராயரை நேருக்கு நேர் பார்த்தாள். ஒரு சிறு நடுக்கம், ஒரு விழித்தாழ்வு, நெற்றியில் ஒரு துளி வேர்வை, எது வந்தாலும் போதும். பாழாய்ப்போன அந்த மனிதரோ, பணியாளின் கையிலிருந்து ஒரு வெள்ளிச் செம்பை வாங்கி அவளிடம் நீட்டினார்.

"சீக்கிரம் அருந்துங்கள், நங்கையாரே. அரண்மனையில் ஒரு மிடறு நீர் இல்லை. எனக்கு நா வறள்கிறது. அடுத்த வாய் எனக்கே வார்த்துவிடுங்கள்."

பூதிநங்கையின் தலையில் இடி விழுந்தது. நஞ்சிட்டவன் எவனும் இப்படிச் செம்பை நீட்டமாட்டான். அவள் கிண்ணத்தை மெல்ல உயர்த்தினாள். அத்தனை மெதுவாக அவள் எதையும் செய்ததே கிடையாது. யாரும் வரவேண்டாம் என்று வேண்டிக்கொண்டாள். ஊரைக் காக்கவேண்டியவள், பகைவன் அகப்படாமல் போகட்டும் என்று தெய்வத்தை வேண்டினாள். அவளை என்ன சொல்ல, அந்த வயதும் அந்த மனமும் அப்படி.

கூட்டம் பிளந்தது. யாரோ கீழே விழுந்தார்கள், ஒரு குடம் உடைந்தது. வேம்பன் மேடையில் பாய்ந்து ஏறி அவள் கையைத் தட்டிவிட்டான். கிண்ணம் கருங்கல்லில் உருண்டு அமைச்சரின் காலடியில் போய் நின்றது.

வேல்வீரர்கள் மேடையேறி அவனைச் சூழ்ந்தார்கள்.

"அதில் இருந்தது கோயில் கிணற்று நீர்" என்றாள் பூதிநங்கை. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது.

"ஊகித்தேன்" என்றான் அவன். "மீன்களைப் பார்க்காமல் நீங்கள் கிண்ணத்தைத் தொடமாட்டீர்கள். இது எனக்கு வைத்த பொறி என்று ஓடிவரும்போதே புரிந்துவிட்டது."

"புரிந்துமா வந்தீர்?"

"என் ஊகம் தவறியிருந்தால்?"

அவள் தன் வாழ்நாளில் கேட்ட காதல்மொழி அது ஒன்றுதான். அதைக் கேட்கவேண்டிய இடமா அது? வேல்முனைகள் நான்கு பக்கமும் அவன் விலாவைத் தொட்டு நின்றன.

"யார் நீ?" என்று கர்ஜித்தார் பிரமராயர்.

தச்சன் நிமிர்ந்தான். நிமிர்ந்தபோது அவனிடம் தச்சன் இல்லை. "கடுங்கோவேளின் இளைய மகன், மருதவேள். வடகுளத்தில் நஞ்சிட்டது நான். படைவீடுகளை வீழ்த்த வந்தேன். குடிமக்களைக் கொல்ல வரவில்லை. தென்குளத்தை நான் தொடவில்லை."

கூட்டத்திலிருந்து ஒரு பெரும் ஓலம் எழுந்தது. பிரமராயர் கையை உயர்த்தினார். "இவன் சொல்லை எவன் நம்புவான்? இரண்டு மதகுகளும் திறக்கப்படா. இது என் ஆணை." அந்த ஆணையைக் கேட்டதும் பின்வரிசையில் ஒருவன், "அப்படியானால் கோட்டைக் கதவைத் திறங்கள்" என்றான். வேறு பலரும் அதையே சொல்லத் தொடங்கினார்கள். வெறும் குடங்களோடு மக்கள் கதவு இருந்த திசையில் நகரலானார்கள்.

"நில்லுங்கள்" என்றாள் பூதிநங்கை. "சேந்தா, தென்குளத்துக்குப் போ. ஊரார் பார்க்கக் கிண்ணத்தை முக்கி எடுத்து வா. கிணற்று நீர் அல்ல, குளத்து நீர்."

மருதவேளின் முகம் வெளுத்தது. "என் சொல்லையா நம்புகிறீர்கள்? நம்பவேண்டாம். முதலில் நான் குடித்துக் காட்டுகிறேன்."

"உம் சொல்லை நான் நம்பவில்லை" என்றாள் அவள். "சற்றுமுன் தென்கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனேன். அப்போது நீர் அசையாமல் நின்றீர். வடகிண்ணத்தை எடுத்தபோது ஓடிவந்தீர். எனக்கு அந்தச் சான்று போதும். முதலில் குடிப்பது என் பொறுப்பு. பகையரசர் மகனுக்கு அதில் பங்கு இல்லை."

சேந்தன் கொண்டுவந்த கிண்ணத்தை வாங்கி, கடைசித் துளி வரை பருகினாள். பிறகு மேடையிலேயே நின்றாள். மதிலுக்கு மேலே முழுமதி எழுந்தது. ஏரியில் வெள்ளிப் பாதை விழுந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. தென்குளத்து மீன்கள் துள்ளும் ஓசை மட்டும் கேட்டது. நிலவு மதிலைவிட்டு நன்றாக விலகி மேலேறியபிறகு அவள் கை அசைத்தாள். தென்மதகின் அடைப்பலகை உயர்ந்தது. நிலத்தடியில் நீர் ஓடும் முழக்கம் கேட்டதும், கதவை நோக்கிப் போனவர்கள் தெருத்தொட்டிகளை நோக்கித் திரும்பினார்கள்.

"படைவீடுகளுக்கும் இன்று தென்குளத்திலிருந்தே பங்கு போகும். வடகுளத்து நீர் ஒரு துளியும் ஏரியில் கலக்கக்கூடாது, முழுவதையும் இறைத்துப் பாழ்ங்குழியில் கொட்டுங்கள்" என்று ஆட்களை ஏவிவிட்டு அவள் படியிறங்கினாள்.

பிரமராயர் விடுவாரா? "நங்கையாரே, மதகுக் கல்லில் பொறித்த சட்டத்தைச் சொல்லவேண்டியதும் உங்கள் பொறுப்புத்தானே?" என்றார்.

சட்டம் சிறியது. நீரைக் கெடுத்தவனுக்கு இந்நகரின் நீர் இல்லை, அவனுக்கு நீர் தரும் கை வெட்டப்படும். அந்தக் கோடையில் அதற்கு என்ன பொருள் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். சட்டத்தைத் தளர்த்த, நகரை ஆளும் அரசியார் ஒருவருக்கே உரிமை உண்டு. அரசியாரோ முற்றுகையில் மகனைப் பறிகொடுத்தவர்.

பூதிநங்கை அவன் எதிரே வந்து நின்றாள். ஒரு சொல் விடாமல் சொன்னாள். "நீரைக் கெடுத்தவருக்கு இந்நகரின் நீர் இல்லை. இவருக்கு நீர் தரும் கை வெட்டப்படும்." அவள் அழுதாள். அழுகையை மறைக்கவும் முயலவில்லை.

"சரியான தீர்ப்பு" என்றான் மருதவேள் மெதுவாக. "உங்கள் கடமையில் பிசகாதீர்கள், தேவி."

"பிசகமாட்டேன்." அவள் திரும்பி மதகுக் கல்லின்மேல் வலக்கையை வைத்தாள். "இந்த ஏரியின்மேல் ஆணை. இவர் செய்த குற்றத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தன்னைக் காட்டிக்கொடுத்து என்னைத் தடுத்தாரே, அதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. அந்தக் கணக்கை நான் சுமக்கிறேன். நாளை தொடங்கி மாலைதோறும் கடமைக்காக ஒரு வாய் பருகுவேன். இவர் தாகத்தோடு இருக்கும்வரை, அதற்குமேல் ஒரு துளியும் என் நாவில் படாது."

பிரமராயரின் உத்தரியம் தோளிலிருந்து நழுவிற்று. "இந்தக் கோடையில் ஒரு வாய் நீரில் எத்தனை நாள் உயிர் தங்கும்? முற்றுகை நடுவே நீங்களும் போய்விட்டால் இந்நகரின் நீரை யார் காப்பது?"

"அதை அரசியாரிடம் போய்க் கேளுங்கள், அமைச்சரே. சீக்கிரம் கேளுங்கள்" என்றாள் பூதிநங்கை.

வேல்வீரர்கள் மருதவேளை நடத்திக்கொண்டு போனார்கள். இத்தனை நேரம் நிமிர்ந்தே நின்றவன் இப்போது தலை குனிந்து, நடக்கத் தெரியாதவன்போலத் தடுமாறிப் போனான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இறைகூடையைக் கையில் எடுத்து, மற்றவர்களோடு வடகுளத்தில் இறங்கினாள்.