ஈரம் காயாத ஏஞ்சலின்

நேற்றுவரை அடுப்பைப் பார்த்து நின்ற ஜெயமேரி, இன்று காலையில் கொல்லைப்பக்கம் திரும்பி நின்றாள்.

ஒரு சாண்கூட இல்லாத மண்பொம்மைதான். ஆனால் திரும்பித்தான் நின்றது. துடைப்பமும் கையுமாக அதைப் பார்த்த ஏஞ்சலினுக்குப் பயம் வரவில்லை, வயிற்றெரிச்சல்தான் வந்தது. வேலைக்குப் போகிற அவசரத்திலும் மனுசன் இவளைத் தொட்டுத் திருப்பி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, மேசைக்கடியில் தேவைக்கு மேலேயே அழுத்திப் பெருக்கினாள்.

அவள் புருசன் பெலிக்ஸ் ஐ.டி.ஐ.யில் பிட்டர் பாடம் நடத்துகிறவன். மீதி நேரமெல்லாம் பொம்மை. அஸ்பாக்கின் பழைய இரும்புக் கடையில் உடைந்த ஆக்‌ஷன் பொம்மைகளைப் பொறுக்கிவந்து, கைகால் மடங்குகிற பிளாஸ்டிக் மூட்டுகளை மட்டும் கழற்றிக்கொண்டு, மேலே களிமண் அப்பிப் புது ஆளாக்கிவிடுவான். வாள்வீரர்கள், பூதங்கள், ரெக்கை முளைத்தவர்கள் எல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் விலைக்குப் போய்விடும். விற்காமல் வைத்திருந்தது ஒன்றே ஒன்று. முன்னறை மேசையில், பழைய கேரம் போர்டின்மேல் நாகல்நகர்ச் சந்திலிருக்கும் இதே வீட்டை அச்சு அசலாகக் கட்டியிருந்தான். டயோரமா என்பான் அவன். சுவருக்குப் பெட்டிப் பலகை, சன்னலுக்குச் சைக்கிள் கம்பி, மாடித் தொட்டிக்குக் கண்மருந்துப் புட்டி. வாசல் கதவில் ஓட்டைப் பூட்டின் ஸ்பிரிங்கையும் லீவரையும் பொருத்தியிருந்ததால், சாத்தினால் டிக் என்று நிஜமாகவே பூட்டிக்கொள்ளும்.

அந்தக் குட்டி வீட்டின் முன்னறையில் நாற்காலி போட்டு பெலிக்ஸ் பொம்மை உட்கார்ந்திருந்தது. சமையலறையில் ஜெயமேரி. நாலு வருசத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த முதல் மனைவி. அவளுடைய நிஜச் சேலையிலிருந்து கிழித்த துண்டு, இடது காதுக்குக் கீழே கடுகளவு மச்சம், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஒன்பது மாதமாக இங்கே சோறாக்கிப் போடுகிற ஏஞ்சலினுக்கு அந்த வீட்டில் நிற்க ஒரு மூலைகூட இல்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பெலிக்ஸ் கட்டைவிரலைத் தண்ணீரில் தொட்டு அந்தப் பொம்மையின் கன்னத்தை வழித்துவிடுவான் பாருங்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு, பூவைத் தொடுகிற மாதிரி. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த விரல் அவள் கன்னத்தில் அப்படிப் பட்டதே இல்லை.

கல்லறைத் திருநாளன்று நடந்ததற்கும் அந்த எரிச்சல்தான் காரணம்.

வருசாவருசம் நவம்பர் இரண்டாம் தேதி காலையில் ஜெயமேரியின் மண்மேட்டைப் புதுக் களிமண் போட்டு மெழுகிவிடுவது பெலிக்ஸின் வழக்கம். குளத்து மண்ணைத் தானே சலித்து, கல் பொறுக்கி, குழைத்துத் தருவான். இந்த வருசம் அவனுக்குப் பரீட்சை வேலை வந்துவிட்டது. "நீ போய் மெழுகிட்டு ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துரும்மா," என்று அன்னக்கூடையை ஏஞ்சலின் கையில் கொடுத்துவிட்டான். அவளும் போனாள், முக்கால் மேடு மெழுகவும் செய்தாள். பிறகு நிமிர்ந்தபோது சிலுவையில் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. 'பெலிக்ஸின் அன்பு மனைவி.' அப்படியானால் நான் யாருடி என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குனிந்து, மெழுகிய மண்ணையெல்லாம் இரண்டு கையாலும் வழித்து வழித்து அன்னக்கூடையிலேயே திரும்பப் போட்டாள்.

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிற சோலைமுத்து தூரத்திலிருந்து பார்த்துவிட்டு ஓடிவந்தார். "தாயி, என்ன காரியம் பண்ற? அவுகளுக்குன்னு சாத்துன மண்ணுல்ல. மிச்சம் மீதி இருந்தாலே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகக் கூடாதும்பாங்க. நீ மேல கெடந்தத வழிக்கிறயே. இங்கனயே போட்டுட்டுப் போ."

"எங்க வீட்டு மண்ணுதான. நான் கொண்டுபோறேன்," என்றாள் ஏஞ்சலின். மெழுகுவர்த்தியும் ஏற்றவில்லை.

வீட்டில் வந்து, "மண்ணு மிஞ்சிப்போச்சுங்க. இதுல என்னையும் ஒண்ணு செய்யுங்க," என்று மேசையில் வைத்தாள். பெலிக்ஸ் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு உட்கார்ந்து பிசைந்தான். "இம்புட்டுப் பசையா இருக்கே. வழக்கமா இப்படி வராதே," என்று ஆச்சரியப்பட்டான். ஏஞ்சலின் பக்கத்திலேயே நின்று தன் முகம் உருவாவதைப் பார்த்தாள். மூக்கு வந்தது, நாடி வந்தது. கத்தி முனையால் சீவிச் சரிசெய்தானே தவிர, கன்னத்தை விரலால் வழிக்கவில்லை. முடித்ததும் குட்டி வீட்டுக் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "காயட்டும், அப்பறம் உள்ள வைக்கலாம்," என்றான்.

பதினோரு நாளாகிவிட்டது. பொம்மை காயவே இல்லை. அடைமழைக் காலம் என்று அவன் சொன்னான். உள்ளே வைக்க மனசில்லை, அதனால் தண்ணீர் தொட்டுத் தொட்டு வைக்கிறான் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். இப்போது இந்த ஜெயமேரி வேறு கொல்லைப்பக்கம் திரும்பி, துவைகல்லோரம் நிற்கிறவளை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேலைக்காரியை மேற்பார்வை பார்க்கிற எசமானி.

அன்று மாதாந்திரப் பராமரிப்பு. ஒன்பதிலிருந்து ஐந்து மணிவரை ஊர் முழுக்கக் கரண்டு கிடையாது. ஒன்பது அடித்ததும் மின்விசிறி தளர்ந்து நின்றது, அதோடு பக்கத்துப் பூட்டுப் பட்டறையில் எந்நேரமும் ஓடுகிற மோட்டாரும் நின்றது. வீட்டுக்குள் இவ்வளவு சின்னச் சத்தமெல்லாம் இருக்கிறதா என்று தோன்றும்படி ஓட்டுத் தண்ணீர் சொட்டுவதும், பல்லி நகர்வதும், தன் வளையல் உரசுவதும் தனித்தனியாகக் கேட்டன. ஏஞ்சலின் மேசையருகே போனாள். ஜெயமேரியை இடுப்பில் பிடித்துத் தூக்கினாள். நன்றாகக் காய்ந்த மண், எடையே இல்லை. கைக்குள் வைத்து நெரித்தாள். முறுக்கு மாதிரி நொறுங்கியது. பிளாஸ்டிக் எலும்பும் சேலைத் துண்டும் மிஞ்சின. அவற்றைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, ஈரப் பொம்மையைக் கொல்லையிலிருந்து எடுத்துக் குட்டி வீட்டுச் சமையலறையில், அடுப்பைப் பார்த்து நிறுத்தினாள்.

"இனிமே நான்தாண்டி இங்க," என்றாள் சத்தமாக.

குட்டி வீட்டின் வாசல் கதவு டிக்கென்று பூட்டிக்கொண்டது. அவள் விரல் அந்தப் பக்கமே போகவில்லை. மேசை ஆடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மனசு லேசாக இருந்தது. ஒன்பது மாதத்தில் முதல்முறையாக அந்த வீட்டில் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே உலை வைத்தாள்.

உப்பு எடுக்கக் கை நீண்டது. மேடையின் வலது ஓரத்துக்கு அல்ல, மேலே மரப் பலகைக்கு. அங்கே உப்பு இல்லை. இருந்ததும் இல்லை, அவள் வந்த பிறகு. வந்த முதல் வாரமே ஜெயமேரி வைத்திருந்த இடத்தையெல்லாம் மாற்றிவிட்டாளே. கையை இறக்கிக்கொண்டு வெங்காயம் அரிந்தாள். இடது கையால் அரிந்துகொண்டிருந்தாள். சுத்தமாக, மெல்லிசாக, ஒரு சீராக விழுந்துகொண்டிருந்தது. அவளுக்கு இடது கைப் பழக்கமே கிடையாது.

கத்தியைக் கீழே வைத்தாள்.

முணுமுணுத்துக்கொண்டிருந்த பாட்டு என்ன பாட்டு என்று யோசித்தாள். தெரியவில்லை. நிறுத்தினாள். வாய் நின்றது. தொண்டைக்குள் அது இன்னும் கொஞ்ச நேரம் ஓடியது.

வெங்காய வாசனைக்கு மேலே இன்னொரு வாசனை வந்தது. அணைத்த மெழுகுவர்த்தித் திரி, நனைந்த செவ்வந்தி, கிளறிய மண். சன்னல் வழியாக வருகிறது என்று சன்னலைச் சாத்தினாள். வாசனை கூடியது. தன் மூச்சில்தான் வருகிறது என்று புரிந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முன்னறைக்கு ஓடிவந்து பொம்மையைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்து நிறுத்தியது, இப்போது அவளைப் பார்த்து நின்றது. மூக்கு தன் மூக்கு இல்லை. நாடி தன் நாடி இல்லை. இடது காதுக்குக் கீழே கடுகளவு மச்சம்.

அவர் வைத்ததுதான். போவதற்கு முன்னால் வைத்திருப்பார். என் முகத்திலும் அவளையேதான் வைப்பாரா? அந்த நேரத்திலும் அவளுக்கு அதுதான் பொத்துக்கொண்டு வந்தது. கட்டைவிரலால் மச்சத்தை அழுத்தித் தேய்த்தாள்.

அவள் கழுத்தில் யாரோ அழுத்தினார்கள்.

கையை இழுத்துக்கொண்டாள். பின்னால் ஒருவரும் இல்லை. கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். விரல் பதிந்த குழி. பொம்மையில் இருக்கிற அதே குழி. சரிசெய்ய வேண்டும். வழித்துவிட வேண்டும். பொம்மையின் கன்னத்தை வழித்தாள். மண் இழுபட்டது. மூக்கு போனது. மூச்சு அடைத்தது. வாய் இருந்த இடத்தை விரலால் தோண்டினாள். கத்த வாய் வரவில்லை. சுவரில் கண்ணாடி. அதில் பச்சைச் சேலை, அவள் கட்டியிருந்த சேலை. சேலைக்கு மேலே ஜெயமேரி. மாலை போட்டு மாட்டியிருந்த படத்தில் சிரிக்கிற மாதிரியே சிரித்தாள்.

கண் மங்கியது.

மறுபடி தெளிந்தபோது எதிரே அடுப்பு இருந்தது. தகர மூடியில் செய்த அடுப்பு. பக்கத்தில் பெட்டிப் பலகைச் சுவர். சன்னலில் சைக்கிள் கம்பி. அதற்கு அப்பால், வானத்தளவு உயரத்தில், பச்சைச் சேலையின் கொசுவம் அசைந்து அசைந்து சமையலறைக்குப் போனது. ஏஞ்சலின் திரும்ப முயன்றாள். கழுத்து மடங்கவில்லை. கூப்பிடப் பார்த்தாள். வாய் இல்லை.

எவ்வளவு நேரமோ. வெங்காயம் தாளிக்கிற வாசம் வந்தது. கரண்டு வந்து பெரிய மின்விசிறி தலைக்கு மேல் சுழலத் தொடங்கியது, பட்டறை மோட்டார் கரகரவென்று எழுந்தது. பெரிய கதவு திறந்தது. பெலிக்ஸின் செருப்புச் சத்தம். ஏஞ்சலினுக்கு உயிர் வந்தது. இவர் பார்த்துவிடுவார். எதையும் நுணுக்கிப் பார்க்கிற மனுசன். பார்த்ததும் தெரிந்துகொள்வார்.

செருப்புச் சத்தம் சமையலறை வாசலில் நின்றது. வெகுநேரம் நின்றது.

"மேரி," என்றான் பெலிக்ஸ். குரல் உடைந்திருந்தது.

"கையக் கழுவிட்டு வாங்க. ஆறிரும்."

அவன் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. அழுதானோ, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு தட்டு வைக்கிற சத்தம், சாப்பிடுகிற சத்தம், "மறுசோறு போடவா?" என்று ஜெயமேரி கேட்பது. தன்னைப் பற்றி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்பான் என்று ஏஞ்சலின் காத்திருந்தாள். அவள் பேரை அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை.

சாப்பிட்டு முடித்து மேசைக்கு வந்து உட்கார்ந்தான். அவன் முகம் கூரைக்கு மேலே பெரிதாக இறங்கி வந்தது.

"இதென்ன, மூஞ்சியெல்லாம் அழிஞ்சு கெடக்கு. இன்னும் காயவும் இல்லையே மேரி."

ஜெயமேரி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அவன் தோளருகே வந்து நின்றாள். குனிந்து சைக்கிள் கம்பி வழியாக உள்ளே பார்த்தாள். "நல்ல மண்ணுதான. வீணாக்க வேணாம். பிசைஞ்சு எனக்கு ரெண்டு குழம்புச் சட்டி செஞ்சு வைங்க, இந்தக் குட்டி அடுப்புல வைக்க."

பெலிக்ஸ் ஏஞ்சலினைத் தூக்கி உள்ளங்கையில் கிடத்தினான். உள்ளிருந்த பிளாஸ்டிக் மூட்டுகளை இழுத்து உருவினான், முதலில் கால்கள், பிறகு கைகள். கட்டைவிரலைத் தண்ணீரில் தொட்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பூவைத் தொடுகிற மாதிரி, கன்னம் இருந்த இடத்தை மெதுவாக வழித்தான். பிறகு பத்து விரலையும் சேர்த்துப் பிசையத் தொடங்கினான்.