நடுவில் ஒரு கோடு

தீர்ப்பு வந்து இருபத்தேழு மணி நேரம் ஆகியிருந்தது. மதிவதனியின் சோற்றுத் தட்டின் நடுவே ஒரு கோடு தெரிந்தது.

முடி போல மெல்லிய, நேரான கோடு. விரலால் தொட்டாள். ஒன்றுமில்லை. தலை நிமிர்ந்ததும் அது சுவருக்குப் போனது.

தடய ஆய்வகத்தில் இரண்டு வருடமாகப் பார்த்துப் பழகிய கோடுதான். மைக்ரோஸ்கோப்பின் இடப்பாதியில் ஒரு காலித் தோட்டா, வலப்பாதியில் இன்னொன்று, நடுவில் அந்தக் கோடு. துப்பாக்கி ஊசி குத்திய தழும்பின் கீறல்கள் கோட்டைத் தாண்டிச் சேர்ந்தால் இரண்டும் ஒரே துப்பாக்கியில் சுட்டவை.

"சோத்துல என்னடி ஆராய்ச்சி? அது கேஸ் இல்ல, கொத்தவரங்கா," என்றாள் அம்மா ஆராயி. "உன் சாட்சியிலதான் ஆயுள் தண்டனையாம், தெருவே பேசுது. நீ என்னடான்னா எழவு வூட்டாட்டம் ஒக்காந்துனு இருக்க."

தண்டனை அர்ஜுனனுக்கு. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலையைத் தோண்டும் பன்றியை விரட்ட, தோட்டா போடும் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவன். பக்கத்து நிலத்துக்காரர் சுடப்பட்டுக் கிடந்தார். பிணத்தருகே ஒரு காலித் தோட்டா. அது அவன் துப்பாக்கியுடையதா என்று மதிவதனி சொல்ல வேண்டும்.

ஒப்பிடுவதற்காக அதே துப்பாக்கியில் இரண்டு முறை சுட்டாள். மேசையில் மூன்று காலித் தோட்டாக்கள். கார்த்திகை தீபத்துக்கு முந்தைய நாள், ஊருக்குப் பஸ் பிடிக்கும் அவசரம். பார்த்தாள். பொருந்தியது. மேலதிகாரி உமாமகேஸ்வரன் லென்ஸில் கண் வைக்காமலே இரண்டாவது கையெழுத்தைப் போட்டார். "நீ பாத்தா சரிதாம்மா. கெளம்பு, பஸ்ஸுல கூட்டம் ஜாஸ்தியாயிடும்." அறிக்கை போய்விட்டது. பிறகு லென்ஸடியிலிருந்து தோட்டாக்களைக் கழற்றி எடுக்கும்போது ஒரு தவறு கண்ணில் பட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

கோர்ட்டில் வக்கீல் சந்தேகமே இல்லையா என்று கேட்டார். "இல்லைங்க," என்றாள். கூண்டிலிருந்து தாடி வளர்ந்த முகத்தோடு அர்ஜுனன், "நல்லா பாத்தீங்களாம்மா?" என்றான். அதட்டலாக இல்லை. கெஞ்சலாக. அவள் குனிந்துகொண்டாள்.

கை கழுவ எழுந்தாள். கோடும் எழுந்தது. ஊரை ஒட்டிய மலையிலிருந்து வெயில் அனலாக இறங்கிக்கொண்டிருந்தது, குழாய்த் தண்ணீர் மட்டும் சில்லென்று வந்தது. அதில் வெடிமருந்து வாடை. சோப்புப் போட்டாள். போகவில்லை. மறுபடி போட்டாள்.

எங்கோ தரையில் பித்தளை உருளும் சத்தம். நின்றது. அவள் குதிகாலுக்குப் பின்னால்.

திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தாள்.

கோடு அங்கே இருந்தது.

இடப்பாதியில் அவள் முகம். வலப்பாதியில் தாடி.

மெல்ல நகர்ந்தது அந்தப் பாதி. அவள் லென்ஸுக்கடியில் நகர்த்துவாளே, அதே போல. நெற்றிச் சுருக்கம் சுருக்கத்தோடு. உதடு உதட்டோடு. பிசிறில்லை.

பொருந்தியது.

"அங்க இன்னும் என்னடி பண்ணினு இருக்க?" என்றாள் அம்மா.

இரு பாதியும் சேர்ந்து வாய் திறந்தன. ஆண் குரலும் பெண் குரலுமாக.

"நான் ஒப்பிட்டது ரெண்டுமே நானே சுட்ட தோட்டாம்மா. பொணத்துகிட்ட கெடந்தத லென்ஸுல வெக்கவே இல்ல."