டெலியா சுரண்டிய கதவு

"யாருங்க அது, என் கார் கதவுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு?"

ஒரு கையில் குடை, மறு கையில் காபிக் கோப்பையோடு வண்டிச் சோதனைக் கூடத்து முற்றத்தில் ஓடி வந்த டெலியா கேட்டதும், அந்த ஆள் நிதானமாக நிமிர்ந்தான். தொப்பியின் விளிம்பிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இரண்டு கண்கள்... மழைநாளில் ஒஹையோ ஆறு இருக்கிற நிறத்தில், பச்சை என்றும் சொல்ல முடியாமல் சாம்பல் என்றும் சொல்ல முடியாமல். 'திருட வந்தவனுக்கு இவ்வளவு நல்ல கண்ணா?' என்று நினைத்தவள், நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"கதவு சரியா சாத்தல. சீட்டு நனையுதேன்னு மூட வந்தேன்" என்றான் அவன். "மூடறப்பதான் பாத்தேன்... கதவு ஓரத்துல கம்பெனி ஒட்டின வண்டி நம்பர் ஸ்டிக்கர் இருக்கணுமே, எங்க?"

"சுரண்டிட்டேன்."

"சுரண்டி..."

"சமையல் கத்தியால. அரை நாள் ஆச்சு. ஒரு பிசிறு இல்லாம எடுத்திருக்கேன் பாருங்க" என்றாள், கொஞ்சம் பெருமையாகவே.

அவன் கண்களை மூடித் திறந்தான். "எதுக்குங்க?"

"இது வேற வண்டியோட கதவு, காயலான் கடையில வாங்கி மாட்டினது. கார் நம்பர் ஒண்ணு, கதவு நம்பர் வேற ஒண்ணு. பாக்கறவங்க சந்தேகப்பட மாட்டாங்களா?"

"இப்பதான் சந்தேகப்படுவாங்க. திருட்டு வண்டியிலேர்ந்து கதவைக் கழட்டறவன் முதல் வேலையா அதைத்தான் சுரண்டுவான்."

டெலியாவுக்குச் சுருக்கென்றது. "நான் திருடியா?"

"அப்படிச் சொல்லல..."

"உங்க வண்டி எதுவோ அதுகிட்டப் போய் நில்லுங்க. என் கதவை நான் பாத்துக்கறேன்."

அவன் தொப்பியைத் தொட்டுவிட்டு நகர்ந்தான். கோபம் வந்தால் பேச்சை அளக்கத் தெரியாதவள் டெலியா. அந்த ஒரு குணத்துக்காகவே அவளை ஊரில் பாதிப் பேருக்குப் பிடிக்கும், மீதிப் பேருக்குப் பிடிக்காது.

அவளுடைய கோபத்துக்கும் காரணம் இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கென்டக்கியில், விபத்தில் நசுங்கி, இனி தேறாது என்று காப்பீட்டுக் கம்பெனி கைகழுவிய காரை மலிவாக வாங்கி, வெர்ன் மாமாவின் கொட்டகையில் வைத்து அவளும் மாமாவுமாகச் சரிசெய்திருந்தார்கள். அப்படிப்பட்ட வண்டியை ஒஹையோவில் பதிவு செய்ய வேண்டுமென்றால் முதலில் காவல் துறையின் சோதனையில் தேற வேண்டும். தேறும் வரை சாலையில் ஓட்டக்கூடாது. மாமா காலையில் இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை அவள் புது வேலையில் சேர வேண்டும். மலைப் பாதைகளில் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கிறவர்களைக் கவனிக்கிற செவிலி வேலை. 'பதிவான சொந்த வண்டி இல்லாமல் வராதீர்கள்' என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதைவிட, பழைய கார் குளிர்காலத்தில் உயிரை விட்டதிலிருந்து அவள் அடுத்தவர் வண்டியிலேயே காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். அத்தை வண்டியில் ஏறினால் ஊர் போய்ச் சேரும் வரை புத்திமதி. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் ஏறினால் மடியில் அவருடைய நாய். இனி ஒருத்தர் வண்டியிலும் ஓசியில் ஏறுவதில்லை என்று அவள் சபதமே போட்டிருந்தாள்.

சோதனை அதிகாரி ரோண்டா, சீருடையும் டார்ச்சுமாகக் காரைச் சுற்றி வந்தார். எஞ்சின் பாஸ். விளக்குகள் பாஸ். இடதுபக்கக் கதவைத் திறந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"கண்ணு... இதை யார் சுரண்டினது?"

"நான்தாங்க" என்றாள் டெலியா.

"பில்லு?"

டெலியா நீட்டினாள். 'கதவு, சாம்பல்' என்று மட்டும் கிறுக்கியிருந்தது. ரோண்டா பெருமூச்சு விட்டார். "இவ்வளவு ஒழுங்கா சுரண்டிட்டு இவ்வளவு ஒழுங்கா ஒத்துக்கற ஆளை நான் பாத்ததில்ல. அதனால வண்டியைப் பிடிச்சு வைக்காம விடறேன். கதவு எந்த வண்டியோடதோ அதோட நம்பரை, வித்தவர்கிட்டப் புது பில்லுல எழுதி வாங்கிட்டு வா. போன் போட்டு நானே விசாரிப்பேன். ரெண்டு மணிக்குள்ள வரணும். விட்டா அடுத்த முறை கிடைக்க ஒன்றரை மாசம் ஆகும்."

ஒன்றரை மாதமா... திங்கட்கிழமை என்ன ஆகும்? டெலியா கடைக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மாமாவும் மாலைக்கு முன் வரமாட்டார். அவள் வெளியே வந்தபோது அந்தத் தொப்பிக்காரன் தன் டிரக்கில் சாய்ந்தபடி காகிதத்தில் சுற்றிய பிஸ்கட் ரொட்டியும் சாசேஜும் தின்றுகொண்டிருந்தான்.

வேறு வழியில்லை. போனாள்.

"சிரிக்க மாட்டேன்னு சொல்லுங்க" என்றாள்.

"சிரிக்கல."

"வாய் சிரிக்கல. கண்ணு சிரிக்குது."

"அதுக்கு நான் என்ன பண்றது, பொறந்ததிலேர்ந்து அப்படித்தான். என் பேரு ஹார்லன்."

"டெலியா. என்னைக் காயலான் கடை வரைக்கும் கூட்டிட்டுப் போவீங்களா? பெட்ரோல் நான் போடறேன்." கேட்கும்போதே காது சூடாகியது.

"போயிட்டாப் போச்சு. எந்தக் கடை?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம். புரூயிட் கடை."

அந்தக் கண்களில் இருந்த சிரிப்பு விளக்கை அணைத்ததுபோல் போய்விட்டது. கையிலிருந்த காகிதத்தைக் கசக்கினான். "அங்க... நான் வர முடியாதுங்க."

"பரவால்ல. கேட்டது என் தப்பு."

டெலியா குடையை விரித்துக்கொண்டு விறுவிறுவென்று சாலையில் இறங்கினாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். 'சபதத்தை மீறினால் இதுதான் கிடைக்கும், நன்றாக வேண்டும் உனக்கு...' சிறிது தூரம் போனதும் பின்னால் டிரக் ஊர்ந்து வருகிற சத்தம் கேட்டது.

"பாலம் ரொம்ப தூரங்க."

"நடந்து பழக்கம் உண்டு."

"மழை வேற."

"குடை வேற."

"ஏறுங்க டெலியா."

"வர முடியாதுன்னு சொன்ன வாய்தானே அது?"

டிரக் நின்றது. அவன் நேரே முன்னால் பார்த்துக்கொண்டு சொன்னான். "அந்தக் கடைக்காரர் எங்கப்பா."

அவள் குடையை மடக்கி ஏறிக்கொண்டாள்.

பாதி வழியில் அவனே ஆரம்பித்தான். நசுங்கிய வண்டிகளைப் பிரித்து விற்பது அப்பாவின் தொழில். அவனுக்கோ அவற்றை நிமிர்த்தி வர்ணமடித்து ஓட வைக்க ஆசை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் சொந்தமாகப் பட்டறை போடப் போகிறேன் என்று சொன்ன அன்று, 'ஆத்தைத் தாண்டினா அங்கயே இருந்துக்கோ' என்று சொல்லிவிட்டார் அப்பா. இவனும் இருந்துகொண்டான்.

"ரெண்டு வருஷமாச்சு. எத்தனையோ தடவை பாலம் வரைக்கும் வந்து வண்டியைத் திருப்பியிருக்கேன். போய் நின்னா முகத்தைத் திருப்பிக்கிட்டார்னா... அதைத் தாங்க முடியாதுங்க."

டெலியா கியர் மேலிருந்த அவன் கையைப் பார்த்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. தோன்றியதே அவளுக்குத் திகைப்பாக இருந்தது. 'இன்று காலையில்தானே பார்த்தோம் இவனை?'

பாலத்தில் டிரக் மெதுவானது. திரும்பிவிடுவானோ என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். திரும்பவில்லை.

பாலத்துக்கு அடியிலேயே இருந்தது கடை. சேற்றில் வரிசை வரிசையாக வண்டிகள். மழைக்கோட்டுப் போட்ட உயரமான கிழவர் வெளியே வந்து, மகனைப் பார்த்தார். டிரக்கைப் பார்த்தார். மறுபடி மகனைப் பார்த்தார்.

"முன்சக்கரத்துல பேரிங் போயிருக்கு" என்றார். "பாலத்துல வரப்பவே கேட்டுச்சு."

"அவ்வளவு தூரத்துலேர்ந்தா?"

"உன் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதாடா? பாலம் வரைக்கும் வந்துட்டு வந்துட்டுத் திரும்பிப் போவியே... அதையும் கேட்டுக்கிட்டுதான் கிடந்தேன்."

கிழவர் மூக்கை உறிஞ்சினார். "வீம்பு பிடிச்ச கழுதை."

"யாரு?"

"ரெண்டு பேருந்தான்."

அப்பா மகனின் தோளில் கையை வைத்தார். எடுக்கவே இல்லை. டெலியா மழையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். பிறகு கடிகாரம் நினைவுக்கு வந்து, மெல்லக் கனைத்தாள்.

"ஐயா... ஒரு கதவு விஷயம்."

"சாம்பல் கதவு வாங்கின பொண்ணா? அந்த வண்டி மூணாவது வரிசையில கிடக்கு. சீக்கிரம் போங்க, இன்னைக்கு நசுக்கற மெஷினுக்குப் போக வேண்டியது அது."

சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடினார்கள். இடதுபக்கக் கதவு இல்லாமல் சாம்பல் நிறத்தில் ஒரு வண்டி. ஹார்லன் முன்கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்தான். கண்ணாடிக்குள் அடியில் பொறித்திருந்தது எண். இருவரும் ஒரே குடைக்குள் குனிந்தார்கள். அவன் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல, அவள் போனில் பதிந்துகொண்டாள்.

"நாலு... ஏழு..."

"ம்."

"எங்க, திருப்பிச் சொல்லுங்க பாப்போம்."

அவள் சொன்னாள். தப்பு. மறுபடி சொன்னாள். அதுவும் தப்பு. அவனுடைய இமை நுனியில் ஒரு துளி மழை விழலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது... எண் எப்படி மண்டையில் ஏறும்?

"என்னாச்சுங்க?" என்றான் அவன்.

"ஒண்ணுமில்ல. மெதுவாச் சொல்லுங்க" என்றாள். அவன் மெதுவாகவே சொன்னான், தேவைக்கும் மேலே மெதுவாக.

கிழவர் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா என்று மகனிடம் சொன்னவர், டெலியாவையும் பார்த்து, "கோழி வறுக்கறதா இருக்கேன், நீயும் வாம்மா" என்றார்.

இரண்டு மணி அடிக்கச் சற்று முன்பு டிரக் சோதனைக் கூடத்துக்குள் நுழைந்தது. ரோண்டா பில்லைப் படித்தார். போன் போட்டார். இந்தத் தடவை கிழவர் எடுத்தார் போலிருக்கிறது. எண்ணைச் சரிபார்த்தார்.

"பாஸ்" என்றார் ரோண்டா.

டெலியா அங்கேயே நனைந்த படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். மாதக்கணக்காக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கி எங்கேயோ போயிற்று. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும். ரோண்டா ஹார்லனைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "உன் பட்டறை வண்டியோட சோதனைதான் காலையில கூடம் திறந்த உடனே முடிஞ்சு போச்சே... இன்னும் இங்க என்னப்பா பண்ற?"

ஹார்லனின் காதுமடல் சிவந்தது. டெலியா அதைப் பார்த்துவிட்டாள்.

பக்கத்துத் தெரு அலுவலகத்தில் காரைப் பதிவு செய்து நம்பர் பிளேட் வாங்கிக்கொண்டு வந்தாள். ஹார்லன் மண்டியிட்டு அதைத் திருகி மாட்டினான். மழை விட்டிருந்தது.

"காலையிலேயே வேலை முடிஞ்சுதுன்னா, ஏன் நின்னீங்க?" என்றாள்.

அவன் நிமிரவில்லை. "ஸ்டிக்கர் இல்லாததைப் பாத்ததும் உள்ள தடுமாறுவீங்கன்னு தெரிஞ்சுது. அதுக்காக நின்னேன்னு சொல்லலாம்..." திருப்புளியைக் கீழே வைத்தான். "அது பொய்யி. நீங்க திட்டினீங்களே, இன்னொரு தடவை திட்டு வாங்கணும்னு தோணிச்சு. உங்களைப் பாத்த நிமிஷத்துலேர்ந்து இங்கேர்ந்து போகப் பிடிக்கல டெலியா."

அவள் கார் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"இனிமே எனக்கு யாரோட வண்டியும் தேவையில்ல ஹார்லன்."

அவன் முகம் விழுந்தது. "தெரியும். சந்தோஷம்தான்."

"முழுசாக் கேளுங்க. காலையில வேற வழியில்லாம உங்க வண்டியில ஏறினேன். இப்ப எங்க வேணா நானே போவேன்... அதனாலதான் கூசாம கேக்க முடியுது." சாவியை விரலில் ஒரு தரம் சுழற்றினாள். "ஞாயித்துக்கிழமை என்னை வந்து கூட்டிட்டுப் போ. எனக்கு உன் பக்கத்துல உக்காரணும்."