அதே பேரு, அதே பாஸ்வர்டு

ரௌட்டரிலிருந்து கட்டிப்பால் நாற்றம் வந்தது.

விமலா முதலில் குழந்தைத் துணிகளைத்தான் சந்தேகப்பட்டாள். தொட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள், ஊறப்போட்ட வாளியை மோந்து பார்த்தாள், பிள்ளை பெற்ற உடம்புக்கென்று தடவிக்கொண்ட இஞ்சியும் மஞ்சளும் எண்ணெயும் தன் மேலேயே புளித்துப்போய்விட்டதோ என்று முழங்கையை முகர்ந்தாள். எதுவும் இல்லை. தொட்டிலுக்கு நேர் மேலே, அலமாரித் தட்டில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த அந்தக் கறுப்புப் பெட்டியின் அருகில் மூக்கைக் கொண்டுபோனபோதுதான் பிடிபட்டது. பால் வடிய மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் நாள்கணக்காகக் கிடந்து, உறைந்து, மழைத்தண்ணீரும் பட்டு அழுகிப்போன ரப்பர் பாலின் வாடை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தால் போதும், சோறு இறங்காது. சூடான பிளாஸ்டிக் வாடை வரவேண்டிய இடத்தில் அது வந்தது.

ஈரத்துணியால் பெட்டியைத் துடைத்தாள். காற்றுத் துளைகளின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ கசிந்திருந்தது. துணியை எடுத்தபோது அதுவும் கூடவே நூலாக நீண்டது, அறுபடவில்லை, அவள் பின்னால் நகர நகர நீண்டுகொண்டே வந்து, கடைசியில் துவண்டு அவள் மணிக்கட்டில் விழுந்து ஒட்டிக்கொண்டது. சுவரில் ஊர்ந்துகொண்டிருந்த எறும்பு வரிசை அந்தத் தட்டை நெருங்கியதும் திரும்பிப் போனது. பிசுக்கு விழுந்த சர்க்கரையைக்கூட விடாத எறும்புகள். விமலா கைகழுவும் தொட்டிக்கு ஓடினாள். சோப்புப் போட்டுத் தேய்த்தும் மணிக்கட்டில் வாடை போகவில்லை.

அறையில் குழந்தை சிணுங்கியது. அந்தச் சிணுங்கல் கேட்டாலே அவளுக்கு மார்பு கனத்து வலிக்கும். பால் கட்டிக்கொண்டு கிடந்தது, பிள்ளைதான் குடிப்பதில்லை. வாயை வைக்கும், இரண்டு முறை உறிஞ்சும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். புட்டிப்பாலும் அப்படித்தான். கிளினிக்கிலிருந்து வந்த நர்ஸ் எடைத்தட்டில் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவையும் எடை ஏறலன்னா ஆஸ்பத்திரியிலதான் சேக்கணும்மா, வேற வழியில்ல" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். தொடையில் சதையே இல்லை. தோல் மட்டும் சுருங்கித் தொங்கியது. இவன் வாய் நிறையக் குடித்து ஒருநாள் தூங்கிவிட்டால் போதும் என்பதைத் தவிர விமலாவுக்கு இப்போது வேறு ஆசையே கிடையாது.

அவனைக் கண்ணிலேயே வைத்திருக்கத்தான் தீபன் தொட்டில்மேல் கேமரா மாட்டினான். தீபன் லாரி ஓட்டுகிறவன், போனால் எப்போது வருவான் என்று சொல்ல முடியாது. சமையலறையில் நின்றாலும் விமலா போனில் பிள்ளையைப் பார்க்கலாம், அவனும் கமுந்திங்கில் சரக்கு இறக்கும்போது பார்க்கலாம். ஆனால் படம் நின்று நின்று போனது. அதற்குத்தான் தீபனின் கூட்டாளி தர்மா போன ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஈப்போவில் கம்ப்யூட்டர் கடையில் வேலை, வாய் ஓயாத பையன்.

"கம்பெனிக்காரன் உள்ள போட்டு அனுப்புனது சாம்பா மச்சான்," என்று ரௌட்டரை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான். சாம்பா என்றால் குப்பை. "அத அழிச்சிட்டு வேற ஃபெர்ம்வேர், அதான் பெட்டிய ஓட்டுற புரோகிராம், ஏத்துறேன். உலகத்துல உள்ளவனுங்க எல்லாம் சேந்து எழுதுனது, யாரு வேணும்னாலும் சும்மா எடுத்துக்கலாம். ஏத்துறப்ப மட்டும் கரண்ட் போயிடக் கூடாது. போச்சுன்னா இது வெறும் செங்கல்."

கரண்ட் போகவில்லை. விளக்குகள் எல்லாம் அணைந்து, சிவந்து, பச்சையாயின. தர்மா தன் மடிக்கணினியில் எதையோ தட்டிக்கொண்டே, "செட்டிங்ல நாட்டையும் மாத்திவிட்டுட்டேன். நம்ம நாட்டுக்குன்னு வெச்சா பவர கொறைச்சுடும். இப்ப சிக்னல் பின்னால உள்ள ரப்பர் காடு வரைக்கும் போகும் பாரு," என்றான்.

"வைஃபைக்குப் பேரு என்னா வெச்ச?" என்றான் தீபன்.

"அதே பேரு, அதே பாஸ்வர்டு. அப்பத்தான் பழைய போன், டிவி எல்லாம் தானா வந்து ஒட்டிக்கும். ஒண்ணொண்ணா தட்டிக்கிட்டு இருக்க வேணாம் பாரு."

"அக்கா வெச்ச பேருடா. மாத்தாத, இருக்கட்டும்."

அக்கா என்றால் தீபனின் அக்கா புனிதா. கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியை வளர்த்தவள். விமலா உண்டான நாளிலிருந்து தினமும் சாயங்காலம் வந்து அவள் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, "அத்த வந்துட்டேன் பாரு, நாந்தான் ஒனக்கு மொதல்ல வாயில வெப்பேன்," என்று சொல்வாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது அத்தை உரிமை. அதற்குள் புனிதா குடல் கெட்டு, வயிறு வீங்கி, பிள்ளை பிறப்பதற்கு முன்பே போய்விட்டாள். அவள் ஆசைப்பட்ட பொருளைச் சவப்பெட்டியில் வைக்க வேண்டும் என்று தீபன் அவளுடைய போனை அவள் கைக்குள் செருகினான். அதில்தான் அவள் விமலாவின் வயிற்றுப் பிள்ளையின் ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். வீட்டுக்குப் பின்னால், எஸ்டேட் காலத்து இடுகாட்டில்தான் புதைத்தார்கள். குழி வெட்டும்போது பக்கத்து ரப்பர் மரத்தின் வேர் அறுபட்டு, பெட்டியை இறக்கி முடிக்கும் வரை குழிக்குள் வெள்ளையாகச் சொட்டிக்கொண்டே இருந்தது.

விமலா அதையெல்லாம் நினைக்காமல் தர்மாவுக்குப் போன் போட்டாள்.

"பல்லி ஏதாச்சும் உள்ள பூந்து செத்துருக்கும் அண்ணி," என்று சிரித்தான் அவன். "இல்லாட்டி யாராச்சும் ஒங்க லைன திருடி இழுக்குறானுங்க, பெட்டி சூடாவுது. நான் போன்ல ஒரு பக்கம் காட்டுனேன் இல்ல, அத தொறங்க. யாரு யாரு சேந்திருக்காங்கன்னு பேரு வரும். பக்கத்துல ஒரு நம்பர். தொண்ணூறு கிட்டன்னா ரொம்பத் தூரம். முப்பதுன்னா பெட்டிக்குப் பக்கத்துல. கொறைய கொறைய கிட்ட வருதுன்னு அர்த்தம்."

திறந்தாள். அவள் போன். டிவி. கேமரா. அதற்குக் கீழே ஆங்கில எழுத்தில், புனிதா. பக்கத்தில் எண்பத்தெட்டு.

"யாரு பேரெல்லாம் வருது அண்ணி?"

"புனிதாக்கா பேரு வருது தர்மா."

"அக்கா போன இப்ப யாரு வெச்சிருக்கா?"

"யாரும் இல்ல. பெட்டிக்குள்ள வெச்சு மூடியாச்சு. நீயும்தான நின்ன."

தர்மாவின் குரல் தணிந்தது. "அப்பன்னா எவனோ தோண்டி எடுத்துருக்கான் லா. போதை ஊசிக்காரப் பசங்க, எதையும் விட மாட்டானுங்க. அந்தப் பேர அமுக்குங்க, தடுன்னு ஒண்ணு வரும். என்னா இழுக்குறான்னு தெரியுதா?"

தெரிந்தது. இரண்டு பெயர்களுக்கும் பக்கத்தில் எண்கள் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. கேமரா அனுப்பியது. புனிதா வாங்கியது.

விமலா தடுத்தாள். பெயர் மறைந்தது. தீபனுக்குச் சொன்னபோது அவன் அடக்கிய குரலில் கெட்ட வார்த்தை பேசினான். "கதவெல்லாம் சாத்து. வந்துக்கிட்டே இருக்கேன். மழ கொட்டுது, ரோட்டுல ஒரே ஜேம்."

இங்கேயும் மழை பிடித்துக்கொண்டது. மாலை வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் நிறத்துக்கு வந்து, வீட்டுக்குப் பின்னால் மிச்சமிருந்த ரப்பர் மரங்கள் ஒன்றோடொன்று கரைந்தன. செத்தவள் கையிலிருந்து பிடுங்கிய போனில், அவள் விரல் சதை ஒட்டிய கண்ணாடியில், எவனோ தன் பிள்ளையைப் பார்த்தான் என்ற நினைப்பு விமலாவை விடவில்லை.

பிள்ளை வீறிட்டான். தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். காம்பை வாயில் வைத்தாள், தலையைத் திருப்பினான். பால் அவன் கன்னத்தில் பீச்சி, கழுத்து மடிப்பில் இறங்கியது. அவன் உதடுகள் எதையோ தேடிக் குவிந்தன, ஆனால் அவள் பக்கம் வரவில்லை. போனை எடுத்துப் பார்த்தாள். புனிதா. எழுபத்தொன்று. மறுபடியும் தடுத்தாள். மறைந்தது. கொஞ்ச நேரம் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. அறைச் சன்னலை இழுத்துப் பூட்டினாள்.

புட்டிப்பால் கலக்க வேண்டும். கொதித்த தண்ணீரோடு பிள்ளையையும் கையில் வைத்துக்கொள்ள முடியாது. தொட்டிலில் போட்டு, அது தொங்கும் ஸ்பிரிங்கை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, போனைக் கேமராப் படத்தில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். பின்கதவின் தாழ்ப்பாளைச் சரிபார்த்தாள். பூட்டியிருந்தது. கதவுக்குக் கீழே மட்டும் மழைத்தண்ணீர் உள்ளே வந்திருந்தது.

தண்ணீர் என்றுதான் நினைத்தாள். காலை எடுத்தபோது செருப்பு கூடவே வரவில்லை. வெள்ளையாக, ஆடை கட்டி, ஓரங்கள் மஞ்சளித்து, தரையோடு தரையாகப் படிந்திருந்தது. கதவிடுக்கிலிருந்து கூடம் வழியாக அது போயிருந்த தடம் அகலமாக இருந்தது. நடந்து போன தடமல்ல. இழைந்து போன தடம். நடுவில் ஒரு நீளமான தலைமுடி, சுருண்டு, ஒட்டிக்கொண்டு.

விமலா இன்னொரு செருப்பையும் உதறினாள்.

போனில் பக்கத்தை மாற்றினாள். புனிதா பெயர் தானாகத் திரும்பி வந்திருந்தது. நாற்பது.

முப்பத்திரண்டு.

அழுகை கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஸ்பிரிங் கிறீச்சிட்டுக்கொண்டுதான் இருந்தது. பால்மாவுக் கரண்டி அவள் கையில் நின்றது.

பதினெட்டு.

அழுகை நின்றது.

ஒன்பது.

கேமராவைத் திறந்தாள். சாம்பல் நிறப் படம். தொட்டில். துணி மடிப்பு. பிள்ளையின் முகம். பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் அவன் கன்னங்கள் உள்ளே குழிந்தன. உப்பின. குழிந்தன. தாடை அசைந்தது. தொண்டை ஏறி இறங்கியது.

குடித்துக்கொண்டிருந்தான்.

ஓடினாள். வெறுங்கால் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. சப். சப். அறைவாசலில் நாற்றம் சுவர் போல நின்றது. அலமாரித் தட்டிலிருந்து மஞ்சளாக வடிந்து தொட்டில் கயிறு முழுக்க வழிந்திருந்தது. வயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. ஸ்பிரிங்கும் நின்றது. இருட்டில் அந்தச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. ஈரமான, நிதானமான, வாய் நிறைந்த உறிஞ்சல்.

பிள்ளையை அள்ளினாள். கனத்தான். காலையில் இல்லாத கனம். வயிறு பறை போல விறைத்திருந்தது. அவன் வாய்க்குள் விரலை விட்டு வழித்தாள். கொழகொழவென்று கட்டியாக வந்தது, வழிக்க வழிக்க வந்தது, ஈறிலிருந்தும் நாக்கடியிலிருந்தும். தன் இரவிக்கையைத் தூக்கி அவன் முகத்தை மார்போடு சேர்த்து அழுத்தினாள். "குடிடா," என்றாள். "அம்மாடா. குடிடா."

அவன் மோந்து பார்த்தான். மூக்கைச் சுளித்தான். ஏதோ அழுகிய பொருளை முகத்தருகே கொண்டுவந்தது போல உடம்பை வில்லாக வளைத்து அவளை விட்டு விலகினான்.

அப்போதுதான் மின்னல் அடித்து அறை ஒருகணம் வெளுத்தது. அவன் கீழுதட்டிலிருந்து ஒரு வெள்ளை நூல் புறப்பட்டு, அவள் தோளைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் இருந்த கதவு மூலைக்குப் போயிருந்தது. விமலா ஒரு அடி முன்னால் வைத்தாள். நூல் நீண்டது, அறுபடவில்லை. இன்னொரு அடி வைத்தாள்.

மறுமுனை மெல்ல இழுக்கத் தொடங்கியது. நூல் இறுகியது. பிள்ளையின் தலை அவள் தோள்மேல், நூல் போன பக்கமாகத் தானே திரும்பி, வாய் திறந்தது.